வால்வு பூட்டிய டிராம்போன்கள்: எதை எதோடு ஒப்பிடுவது?

பித்தளை ஊதுகருவிகளில் டிராம்போனைத்தான் எவரும் முதல் பார்வையிலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள். வாசிப்பவரின் வலது கை முன்னும் பின்னும் போய்வர, ஸ்லைடு எனப்படும் நீண்ட குழலும் கூடவே நீண்டு சுருங்கும். அந்த ஸ்லைடைக் கழற்றிவிட்டு, டிரம்பெட்டில் இருப்பதுபோல மூன்று வால்வுகளைப் பொருத்தினால் கிடைப்பதை என்னவென்று சொல்வது? டிராம்போன் என்றா, பெரிய டிரம்பெட் என்றா, யூபோனியத்தின் பங்காளி என்றா?

இந்தக் கேள்விக்கு வயது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள். வால்வு டிராம்போன், ஆறு வால்வு டிராம்போன், பாஸ் டிரம்பெட், டிராம்போனியம், இரட்டை மணிவாய் யூபோனியம், சிம்பாஸோ, சூப்பர்போன் என்று ஐரோப்பிய, அமெரிக்கப் பட்டறைகளில் பிறந்த கருவிகளின் பட்டியல் நீளமானது. அருங்காட்சியகத்திலோ ஏலத்திலோ பழைய பேண்டு அறையிலோ இவற்றைப் பார்ப்பவர்கள் இரண்டு விதமாகப் பேசுவது வழக்கம். விநோதப் பொருள் என்று ஒதுக்குவது ஒன்று. ஸ்லைடு பிடிபடாதவர்களுக்கான குறுக்குவழி என்று இளக்காரமாகச் சொல்வது இன்னொன்று. இரண்டுமே சரியான பார்வை இல்லை. ஒவ்வொரு கருவியும் ஒரு குறிப்பிட்ட வேலைக்காகச் செய்யப்பட்டது. அந்த வேலை எதுவென்று தெரியாமல் எடைபோட்டால் கணக்கு தப்பும்.

ஒப்பிட மூன்று கேள்விகள் போதும். குழலின் மொத்த நீளம் எவ்வளவு? குழல் எங்கே தொடங்கி எவ்வளவு விரைவாக அகல்கிறது? சுரம் மாற்ற என்ன வழி வைத்திருக்கிறார்கள்? முதல் கேள்வி கருவியின் சுருதியைச் சொல்லும். இரண்டாவது அதன் குரல் எப்படிப்பட்டது என்று சொல்லும். மூன்றாவது வாசிப்பவரால் எது முடியும், எது முடியாது என்று சொல்லும். பெயரையும் வெளித்தோற்றத்தையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏழு நிலைகளின் கணக்கு

வால்வைப் புரிந்துகொள்ள முதலில் ஸ்லைடைப் புரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான டெனார் டிராம்போன் பி-பிளாட் சுருதியில் அமைந்தது. அதன் குழலை நேராக நிமிர்த்தி அளந்தால் சுமார் 9 அடி, அதாவது 2.7 மீட்டர் வரும். குழலின் நீளத்தை மாற்றாமல் உதட்டின் இறுக்கத்தை மட்டும் கூட்டிக் குறைத்தே பல சுரங்களை எழுப்பலாம். ஆனால் அவை அந்த நீளத்துக்கு இயற்கையாக அமைந்த மேற்சுரங்கள் மட்டுமே. மேலே போகப் போக அவை நெருங்கி நிற்கும். கீழே இடைவெளி பெரிது. அன்றாட வாசிப்பில் குறுக்கிடும் மிகப் பெரிய இடைவெளி ஒரு சட்ஜத்துக்கும் அதன் பஞ்சமத்துக்கும் இடையிலானது. நடுவில் விடுபடும் அரைச்சுரங்கள் ஆறு. அவற்றை நிரப்பக் குழலை ஆறு படிகளாக நீட்ட வேண்டும். நீட்டாத நிலையையும் சேர்த்தால் ஏழு. டிராம்போனுக்கு ஏழு நிலைகள் இருப்பதன் காரணம் இதுதான்.

இந்தப் படிகள் சம அளவிலானவை அல்ல. ஒரு அரைச்சுரம் இறங்க வேண்டுமானால், அந்த நேரத்தில் இருக்கும் நீளத்தோடு சுமார் 6 சதவீதம் கூட வேண்டும். முதல் படிக்கு 16 செ.மீ. குழல் தேவை. ஸ்லைடு போய்த் திரும்பும் இரட்டைக் குழல் என்பதால் கை 8 செ.மீ. நகர்ந்தால் போதும். கடைசிப் படியில் கை 10 செ.மீ.க்கு மேல் நகர வேண்டியிருக்கும். ஏழாம் நிலையை எட்ட, தொடங்கிய இடத்திலிருந்து அரை மீட்டருக்கும் அதிகமாகக் கை நீள வேண்டும். ஸ்லைடின் மேல் எந்தக் கோடும் போட்டிருக்காது. வாசிப்பவர் காதைக் கொண்டுதான் இடத்தைப் பிடிக்கிறார்.

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இதை ஒரே வரியில் விளக்கிவிடலாம்: ஸ்லைடு டிராம்போன் கோட்டுவாத்தியம் என்றால், வால்வு டிராம்போன் மெட்டு வைத்த வீணை. முன்னதில் சுரம் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கை முடிவு செய்கிறது. பின்னதில் கருவி செய்தவர் அதை முன்பே முடிவு செய்துவிடுகிறார். வீணையில் தந்தியை இழுத்துச் சுரத்தை வளைக்க நிறைய இடமுண்டு. வால்வுக் கருவியிலோ உதட்டால் செய்யும் சிறு திருத்தத்தோடு சரி.

வால்வு கொடுத்ததும் எடுத்துக்கொண்டதும்

வால்வு பிறந்தது டிராம்போனுக்காக அல்ல. பிரஷ்யாவின் சைலீசியப் பகுதியில் பணியாற்றிய ஹார்ன் கலைஞர் ஹைன்ரிஷ் ஸ்டோல்ட்ஸெல், சுரங்கத் தொழிலாளர் இசைக்குழுவில் வாசித்த ஃபிரீட்ரிஷ் ப்ளூமெல் ஆகிய இருவரும் 1818இல் கூட்டாக அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். ஹார்னும் டிரம்பெட்டும் அதுவரை மேற்சுரங்களை மட்டுமே நம்பி இருந்தவை. வால்வு அவற்றுக்கு எல்லாச் சுரங்களையும் திறந்துவிட்டது. டிராம்போனுக்கு அந்தக் குறையே இல்லை. 15ஆம் நூற்றாண்டிலிருந்தே ஸ்லைடின் துணையால் அது எல்லாச் சுரங்களையும் வாசித்துக்கொண்டிருந்தது. ஆகவே டிராம்போனில் வால்வு நுழைந்ததன் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

அந்த இடம் படையணியும் நாடக அரங்கும். குதிரைமேல் உட்கார்ந்து வாசிப்பவருக்கு ஸ்லைடை வீசி நீட்ட வழியில்லை. நெருக்கமாக அணிவகுத்துப் போகும்போது முன்னால் போகிறவரின் முதுகு குறுக்கே வரும். ஆபெரா அரங்கில் மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் வாத்தியக்காரர்கள் தோளோடு தோள் இடித்தபடிதான் உட்கார முடியும். இவற்றோடு பயிற்சியின் வசதியும் சேர்ந்தது. கார்னெட், பாரிடோன், டிராம்போன் எல்லாவற்றுக்கும் ஒரே விரலமைப்பு இருந்தால், ஆள் குறையும்போது ஒருவரை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது பேண்டு மாஸ்டருக்குச் சுலபம். வேகமான சுரக்கோவைகளும் விரலுக்கு எளிதாக வந்தன. ஸ்லைடில் முதல் நிலையிலிருந்து ஆறாம் நிலைக்குப் பாயும் கை, வால்வில் இரண்டு விரலை அழுத்தினால் முடிந்தது.

1830இல் வியன்னாவின் லியோபோல்ட் ஊல்மான் இரட்டைப் பிஸ்டன் வால்வை மேம்படுத்தினார். 1835இல் அதே நகரத்தின் யோசப் ரீடெல் சுழலும் ரோட்டரி வால்வுக்குக் காப்புரிமை பெற்றார். 1839இல் பாரிஸில் ஃபிரான்சுவா பெரினே, இன்றைய டிரம்பெட்டுகளில் நாம் காணும் பிஸ்டன் வால்வுக்கு வடிவம் கொடுத்தார். நூற்றாண்டின் நடுப்பகுதியில் வியன்னாவிலும் பிராகிலும் இத்தாலிய நகரங்களிலும் வால்வு டிராம்போன் சர்வசாதாரணம்.

வால்வு இன்னொரு கதவையும் திறந்தது. ஸ்லைடு இயங்க வேண்டுமானால் நேரான, இணையான இரண்டு குழல்கள் கட்டாயம் தேவை. அதனால் டிராம்போனின் வடிவத்தை யாராலும் பெரிதாக மாற்ற முடியவில்லை. வால்வு வந்ததும் அந்தக் கட்டாயம் நீங்கியது. குழலை எப்படி வேண்டுமானாலும் மடிக்கலாம், மணிவாயை மேல்நோக்கியோ முன்நோக்கியோ திருப்பலாம், முழுக் கருவியையும் வட்டமாக்கித் தோளில் மாட்டலாம். இன்று நமக்கு விசித்திரமாகத் தெரியும் உருவங்களில் பெரும்பாலானவை இந்தச் சுதந்திரத்தின் விளைவு. பொஹீமியாவின் ஹ்ராடெட்ஸ் கிராலோவெ நகரத்தில் பட்டறை நடத்திய வாட்ஸ்லாவ் செர்வெனி, 1860களில் படைக்கென்றே அகலமான குழலோடு ஆர்மேபோசௌனே என்ற வால்வு டிராம்போன் வரிசையையே செய்து விற்றார்.

இனி வால்வு எடுத்துக்கொண்டது என்ன என்று பார்ப்போம். வால்வை அழுத்தினால் காற்று கூடுதல் குழல் ஒன்றின் வழியே திரும்பிப் போகும். வழக்கமான மூன்று வால்வுகளில் முதலாவது ஒரு முழுச்சுரமும், இரண்டாவது அரைச்சுரமும், மூன்றாவது ஒன்றரைச் சுரமும் இறக்கும். எதையும் அழுத்தாத நிலையையும் வால்வுகளின் சேர்க்கைகளையும் எண்ணினால் ஏழு வெவ்வேறு நீளங்கள் கிடைக்கும். ஸ்லைடின் ஏழு நிலைகளுக்கு அது ஈடு. காகிதத்தில் கணக்கு அழகாக முடிகிறது, குழலில்தான் முடிவதில்லை.

காரணம் நாம் மேலே பார்த்த அந்த 6 சதவீதம். மூன்றாம் வால்வின் கூடுதல் குழல், மற்ற வால்வுகள் திறந்திருக்கும்போது சரியான சுரம் தரும்படி அளந்து வெட்டப்பட்டது. முதல் வால்வையும் சேர்த்து அழுத்தினால் மொத்தக் குழல் நீண்டுவிடுகிறது; நீண்ட குழலுக்கு அதே துண்டு போதாது. எனவே சுரம் மேலேறி ஒலிக்கும். மூன்று வால்வுகளையும் ஒருசேர அழுத்தினால் 9 அடிக் குழல் மொத்த நீளத்தில் 41 சதவீதம் கூட வேண்டும். உண்மையில் கூடுவது 37 சதவீதம்தான். பற்றாக்குறை 11 செ.மீ.க்கும் சற்று அதிகம். காதுக்கு அது அரைச்சுரத்தில் பாதி அளவு பிசகு. இசை தெரியாதவரும் முகம் சுளிக்கும் அளவு அது. ஸ்லைடு வாசிப்பவர் கையைச் சற்றுத் தள்ளி இதைச் சரிசெய்துவிடுவார். வால்வு வாசிப்பவருக்கு அந்த வசதி இல்லை.

இரண்டாவது இழப்பு, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளியின்றி வழுக்கிச் செல்லும் கிளிசாண்டோ. மூன்றாவது குரல் பற்றியது. வால்வுகளுக்குள் காற்று பல வளைவுகளைக் கடந்து போவதால், ஊதும்போது ஒருவித அடைப்பு தெரிகிறது என்பது ஸ்லைடு வாசிப்பவர்களின் பழைய குறை.

பிசகைத் திருத்திய மூன்று வழிகள்

சுருதிப் பிசகு தெரிந்ததும் பட்டறைக்காரர்கள் கைகட்டி நிற்கவில்லை. அவர்கள் தேடிய திருத்தங்கள்தான் இந்தக் கருவிகளின் வரலாற்றிலேயே சுவையான பகுதி.

மிகத் துணிச்சலானது அடால்ஃப் சாக்ஸின் வழி. சாக்ஸபோனைப் படைத்த அதே பெல்ஜியக்காரர், 1852இல் தனித்து இயங்கும் ஆறு வால்வுகள் கொண்ட அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். வழக்கமான வால்வு குழலைக் கூட்டும். சாக்ஸின் வால்வு குழலைக் குறைக்கும். எதையும் அழுத்தாதபோது காற்று முழு நீளத்தையும் கடந்து போகும். அது ஸ்லைடின் ஏழாம் நிலைக்குச் சமம். ஒவ்வொரு வால்வும் தனக்குரிய ஒரே நிலைக்குக் குழலை வெட்டித் தரும். ஆறு வால்வு, ஆறு நிலை, திறந்தது ஏழாவது. எந்த நேரத்திலும் ஒரு வால்வுக்கு மேல் அழுத்த வேண்டியதில்லை. சேர்க்கையே இல்லை என்பதால் சேர்க்கையால் வரும் பிசகும் இல்லை.

தர்க்கம் குறையற்றது. ஆனால் கருவி கனத்தது, விலை ஏறியது, மூன்று வால்வுக்குப் பழகிய விரல்கள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. பெல்ஜியத்தில் மட்டும் அது வேர் பிடித்து, 20ஆம் நூற்றாண்டு வரை புழக்கத்தில் இருந்தது. சாக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், ஏழு நிலைகளுக்கும் தனித்தனி மணிவாய் வைத்து ஏழு மணிவாய் டிராம்போனையும் செய்தார். புகைப்படத்தில் பார்ப்பவர்கள் அதைக் கேலிச்சித்திரம் என்று நினைப்பார்கள். ஒவ்வொரு நீளத்துக்கும் அதற்கே உரிய முழுமையான குழல் வேண்டும் என்ற ஒரே எண்ணத்தை அதன் எல்லைவரை கொண்டுபோன கருவி அது.

இரண்டாவது வழி லண்டனில் பிறந்தது. பூஸி நிறுவனத்தின் டேவிட் ஜேம்ஸ் பிளைக்லி 1874இல் ஈடுசெய்யும் வால்வு அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். மூன்றாம் வால்வை அழுத்தினால், காற்று மற்ற வால்வுகளின் ஊடே இரண்டாம் முறை சுற்றிவரும். அப்போது அந்த வால்வுகளில் உள்ள சின்னச் சின்னத் துணைக்குழல்கள் தாமாகச் சேர்ந்துகொள்ளும். எப்போது பற்றாக்குறை வருகிறதோ அப்போது மட்டும் அதை நிரப்பும் ஏற்பாடு. விரலமைப்பு மாறவில்லை, எடை மட்டும் சற்றுக் கூடியது. யூபோனியத்திலும் டியூபாவிலும் இந்த முறை நிலைத்துவிட்டது. தரமான பிரிட்டிஷ் பாணி யூபோனியம் இன்றும் இதே தத்துவத்தில்தான் செய்யப்படுகிறது.

மூன்றாவது வழி சமரசம். மூன்றாம் வால்வின் குழலைக் கணக்கைவிடச் சற்று நீளமாக வைத்துப் பிசகைப் பல சுரங்களுக்குப் பகிர்ந்துவிடுவது, அல்லது நான்காவது வால்வு ஒன்றைச் சேர்த்து மோசமான சேர்க்கைகளைத் தவிர்ப்பது. மலிவானது, எளிமையானது, சந்தையில் வென்றதும் இதுவே.

இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணத்தையும் களைந்துவிடலாம். வால்வு ஒரு பக்கம், ஸ்லைடு மறுபக்கம் என்று நடுவே கோடு கிழிக்க முடியாது. 1839இல் லைப்சிக்கின் கிறிஸ்டியான் ஃபிரீட்ரிஷ் சாட்லர், ஸ்லைடு டிராம்போனிலேயே ஒரு வால்வைப் பொருத்தி, அழுத்தினால் கருவி எஃப் சுருதிக்கு இறங்கும்படி செய்தார். இன்று சிம்பொனி இசைக்குழுக்களில் வாசிக்கப்படும் டிராம்போன்களில் பெரும்பாலானவற்றில் இந்த வால்வு உண்டு. வால்வை இளக்காரம் பேசுபவரின் இடது கட்டைவிரலும் வால்வின் மேல்தான் இருக்கிறது.

ஒரே நீளம், வெவ்வேறு குரல்

இப்போது முக்கியமான ஒப்பீட்டுக்கு வருவோம். பி-பிளாட் வால்வு டிராம்போன், பி-பிளாட் பாஸ் டிரம்பெட், டிராம்போனியம், பாரிடோன், யூபோனியம் ஆகிய ஐந்துக்கும் குழலின் நீளம் ஏறத்தாழ ஒன்றே: 9 அடி. ஐந்தும் ஒரே சுரங்களை ஒரே விரலமைப்பில் வாசிக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒன்றல்ல என்பது உடனே தெரியும். வேறுபாட்டைத் தருவது குழல் அகலும் விதம்.

டிராம்போனின் குழல் பெரும்பகுதி ஒரே குறுக்களவில் ஓடிக் கடைசிப் பகுதியில்தான் மணிவாயாக விரியும். அதனால் குரலில் கூர்மையும் பளபளப்பும் மிகுதி. ஓங்கி ஊதினால் அந்தப் பித்தளைத் தன்மை வெடித்து வரும். யூபோனியத்தின் குழல் வால்வுப் பகுதியைத் தவிர மற்ற இடங்களில் தொடர்ந்து கூம்பாக விரிந்துகொண்டே போகிறது. அதன் குரல் கனிந்தது, உருண்டது, கூட்டத்தில் கரையும். பாரிடோன் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

பாஸ் டிரம்பெட்டை இந்த வரிசையில் டிராம்போனுக்கு அந்தப் பக்கம் வைக்க வேண்டும். ஒடுக்கமான குழல், டிரம்பெட் போன்ற மடிப்பு. வாக்னர் தன் நிபெலுங் மோதிர ஆபெராத் தொடருக்காக இதை வேண்டிக் கேட்டார். 1876இல் பைராய்ட்டில் முழுத் தொடரும் அரங்கேறியபோது இது கூட்டத்தில் இருந்தது. ஸ்ட்ராவின்ஸ்கியின் 1913ஆம் ஆண்டுப் படைப்பான ரைட் ஆஃப் ஸ்பிரிங்கிலும் இதற்கு இடம் உண்டு. பெயரில் டிரம்பெட் இருந்தாலும் இதை வாசிப்பவர் பெரும்பாலும் டிராம்போன் கலைஞர். உதட்டுக்கு அவருக்குப் பழகிய அளவிலான ஊதுவாய், நீளமும் அவருக்குப் பழகியது. பெயரை நம்பி ஒப்பிட்டால் ஏன் தவறிப்போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

டிராம்போனியம் அதற்கு நேரெதிரான உதாரணம். கிளீவ்லாந்தின் ஹெச்.என்.ஒயிட் நிறுவனம் கிங் என்ற வணிகப் பெயரில் விற்ற இது, பார்வைக்கு ஆல்டோ ஹார்ன் போலக் கச்சிதமாக மடிந்திருக்கும். உள்ளே இருப்பது டிராம்போன். அணிவகுப்புக்காகச் செய்யப்பட்ட இதை 1956இல் ஜே.ஜே.ஜான்சனும் கை விண்டிங்கும் ஜாஸ் ஒலிப்பதிவுகளிலேயே பயன்படுத்தினார்கள். இருவரும் அந்தத் தலைமுறையின் தலைசிறந்த ஸ்லைடு கலைஞர்கள் என்பதை நினைவில் வைத்தால், வால்வு என்பது கற்றுக்குட்டிகளின் கருவி என்ற பேச்சு நிற்காது.

இரட்டை மணிவாய் யூபோனியம் இந்த ஒப்பீட்டை ஒரே உடலுக்குள் செய்துகாட்டுகிறது. அமெரிக்காவின் கான் நிறுவனமும் மற்றவர்களும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இதைச் செய்தார்கள். பெரிய மணிவாய் யூபோனியத்துக்கு. கூடுதல் வால்வு ஒன்றை அழுத்தினால் காற்று சிறிய மணிவாய் வழியே திரும்பி, டிராம்போனை ஒத்த குரல் வரும். அமெரிக்க பேண்டு தலைவர் சூசாவின் குழுவில் சிமோன் மாண்டியா இதை வாசித்துப் புகழ்பெற்றார். ஒரு சொற்றொடரைக் கனிந்த குரலில் வாசித்துவிட்டு, அதற்குப் பதிலைக் கூர்மையான குரலில் அதே ஆள் வாசிக்கலாம். ஆனால் சிறிய மணிவாய் உண்மையான டிராம்போன் ஆகிவிடாது. அதற்கு முன்னால் உள்ள குழல் கூம்பாகவே இருக்கிறது. கடைசித் துண்டை மாற்றினால் மட்டும் குரல் முழுவதும் மாறிவிடாது.

வெர்டி கேட்ட தாழ்குரல்

நீளம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியைப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஆபெரா அரங்குகளில் டிராம்போன்கள் பெரும்பாலும் வால்வு வைத்தவை. ஆபெரா இசையமைப்பாளர் வெர்டியின் இசைத்தாள்களில் டிராம்போனுக்கு வரும் சில விரைவான ஓட்டங்கள் இன்றைய ஸ்லைடு கலைஞர்களைத் திணறடிப்பது இதனால்தான்.

மூன்று டிராம்போன்களுக்குக் கீழே நான்காவதாக ஒரு தாழ்குரல் வேண்டும். அந்த இடத்தில் நின்ற கருவிக்குச் சிம்பாஸோ என்று பெயர். தொடக்கத்தில் அது செர்பென்ட் என்ற பழைய கருவியின் வழிவந்த நிமிர்ந்த ஊதுகருவியாக இருந்தது. பிறகு டியூபா வகைப் பித்தளைக் கருவிகள் அந்த இடத்துக்கு வந்தன. அவற்றின் பருத்த, கூம்புக் குழல் குரல் டிராம்போன்களோடு ஒட்டாமல் தனித்து நின்றது வெர்டிக்குப் பிடிக்கவில்லை. 1881இல் மிலான் நகரத்தின் பெலிட்டி பட்டறை அவருடைய விருப்பத்துக்கிணங்கத் தாழ்சுருதி வால்வு டிராம்போன் ஒன்றைச் செய்தது. பி-பிளாட்டில் அமைந்த அதன் குழல் டெனார் டிராம்போனைப் போல இரு மடங்கு, 18 அடி. ஒத்தெல்லோவிலும் 1893இல் அரங்கேறிய ஃபால்ஸ்டாஃபிலும் வெர்டியின் செவியில் இருந்தது இந்தக் குரல்.

18 அடிக் குழலுக்கு ஸ்லைடு வைத்தால் படிகளின் அளவும் இரட்டிக்கும். மனிதக் கை ஏழாம் நிலையை எட்டாது. ஸ்லைடையே இரட்டையாக மடிப்பது போன்ற உபாயங்கள் உண்டு என்றாலும், இத்தாலியர்களின் கைக்குப் பழகிய எளிய தீர்வு வால்வுதான். இன்றைய சிம்பாஸோ பெரும்பாலும் எஃப் சுருதியில், ரோட்டரி வால்வுகளோடு, தரையில் ஊன்றி நிற்கும் கம்பியோடு வருகிறது. ஹாலிவுட் திரைப்படங்களின் பின்னணி இசையில் அடிவயிற்றைக் கலக்கும் அந்தக் கரகரத்த தாழ்குரலில் பல நேரம் இதன் பங்கு இருக்கிறது.

வால்வையே குரலாக்கியவர்கள்

ஜாஸ் இசையில் வால்வு டிராம்போனுக்குத் தனி மரபு உண்டு. புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ஹுவான் டிசோல் 1929இல் டியூக் எலிங்டனின் இசைக்குழுவில் சேர்ந்தார். காரவான் என்ற புகழ்பெற்ற மெட்டின் படைப்பாளிகளில் ஒருவர் அவர். அதே வரிசையில் லாரன்ஸ் பிரௌனும் டிரிக்கி சாம் நான்டனும் ஸ்லைடு வாசித்தார்கள். டிசோலின் பங்கு வேறு: துல்லியமான, நேரான, வேகம் குறையாத வாசிப்பு. அதனால் எலிங்டன் அவரைச் சாக்ஸபோன் வரிசையோடு சேர்த்தும் வாசிக்கவைத்தார். கன்சாஸ் சிட்டியைச் சேர்ந்த பாப் புரூக்மையர், கெரி மல்லிகனின் குழுவில் வாசித்த காலம் தொட்டு, வால்வுக்கே உரிய மென்மையான இணைப்பைத் தன் பாணியாக்கிக்கொண்டார். கனடாவின் ராப் மெக்கானெல் தன் பெரிய இசைக்குழுவையே வால்வு டிராம்போனைக் கையில் வைத்துக்கொண்டு நடத்தினார்.

இரண்டையும் சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. பிராட் கவன்ஸ் என்ற ஜாஸ் கலைஞர் ஸ்லைடும் வால்வும் உள்ள வலைட் என்ற கருவியை உருவாக்கினார். 1970களில் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மேனார்ட் ஃபெர்குசனுக்காக ஹோல்டன் நிறுவனம் சூப்பர்போனைச் செய்தது: இடது கைக்கு வால்வுகள், வலது கைக்கு ஸ்லைடு. வேகமும் கிளிசாண்டோவும் ஒரே கருவியில் கிடைத்தன. ஆனால் வால்வை அழுத்தியதும் குழல் நீள்வதால் ஸ்லைடின் நிலைகள் அத்தனையும் இடம்மாறும். இரண்டு கணக்கையும் ஒரே நேரத்தில் மனத்தில் ஓட்ட வேண்டும். அந்தச் சிரமத்தை ஏற்றவர்கள் மிகச் சிலரே.

வால்வு டிராம்போன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். மெக்சிகோவின் சினலோவா பேண்டுகளிலும் பிரேசிலின் தெரு இசைக்குழுக்களிலும் அது இன்றும் உழைக்கிறது. இந்தியாவின் திருமண பேண்டுகளுக்கு வேண்டிய கருவிகளைப் பெருமளவில் செய்துதரும் மீரட் நகரத்தில், ஜலி கோட்டிப் பகுதிப் பட்டறைகளில், வால்வு டிராம்போன் இப்போதும் உருவாகிறது. ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிப்பவருக்கு அது ஏன் ஏற்றது என்பதை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

பழைய கருவி கைக்கு வந்தால்

பழைய கருவியொன்றை வாங்கவோ மதிப்பிடவோ நேர்ந்தால் முதலில் குழலை அளக்க வேண்டும். 9 அடி என்றால் மேலே சொன்ன குடும்பத்தில் ஒன்று. அடுத்து, வால்வுகளுக்கும் மணிவாய்க்கும் இடையே குழல் எங்கே விரியத் தொடங்குகிறது என்று விரலால் தடவிப் பார்க்கலாம். மூன்றாவதாக, வால்வுகளை மூடித் திறந்து காற்று கசிகிறதா என்று சோதிக்க வேண்டும். தேய்ந்த வால்வைச் சரிசெய்வது பள்ளம் விழுந்த மணிவாயைச் சரிசெய்வதைவிடக் கடினம், செலவும் அதிகம்.

நான்காவது சோதனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்று ஏ சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வுகள் என்பது பொது வழக்கம். பழைய பித்தளைக் கருவிகள் பல அதைவிட உயர்ந்த சுருதிக்கு, சுமார் 452க்கும் அதற்கு மேலும், செய்யப்பட்டவை. வேறுபாடு ஏறத்தாழ அரைச்சுரத்தில் பாதி. அமெரிக்கக் கருவிகளில் உயர்சுருதிக்கு எச்.பி., தாழ்சுருதிக்கு எல்.பி. என்ற முத்திரை இருக்கும். பிரிட்டிஷ் பேண்டுகள் 1960கள் வரை உயர்சுருதியிலேயே வாசித்தன. ஸ்லைடு டிராம்போன் என்றால் முதன்மைக் குழலைச் சற்று இழுத்துவிட்டு, மீதியைக் கையாலேயே சமாளிக்கலாம். வால்வுக் கருவியில் ஒவ்வொரு வால்வின் குழலையும் விகிதப்படி தனித்தனியே இழுக்க வேண்டும். பல கருவிகளில் அதற்கு இடமே இருக்காது. பார்வைக்கு அழகான எத்தனையோ கருவிகள் கூட்டத்தோடு வாசிக்க முடியாமல் போவது இதனால்தான். வாங்கிய பிறகு தெரிவதைவிட வாங்கும் முன் தெரிவது நல்லது.

ஸ்லைடு உயர்ந்ததா, வால்வு உயர்ந்ததா என்ற வழக்குக்கு ஒரே வரியில் தீர்ப்பு இல்லை. ஆனால் வேலைக்குத் தக்க தீர்ப்பு உண்டு. சுருதித் துல்லியமும் வழுக்கும் குரலும் வேண்டுமானால் ஸ்லைடு. வேகமும் குறுகிய இடமும் நடையும் குதிரையும் என்றால் வால்வு. 18 அடித் தாழ்குரலுக்கு வால்வு இல்லாமல் காலம் தள்ளுவது கடினம். பழைய பேண்டு அறையிலோ பழைய பொருள் கடையிலோ இப்படி ஒரு கருவி கிடந்தால், பித்தளை விலைக்கு எடைபோடும் முன் அதன் முத்திரையையும் வால்வுகளின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். உருக்கிவிட்டால் பித்தளை திரும்பக் கிடைக்கும், கருவி கிடைக்காது.